பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேப் ரூத் படம்: கையெழுத்து அசல்தானா?

எடிசன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் எனக்கு பேஸ்பால் பழக்கிவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கோடைச் சாயங்காலங்களில் அவர் வீட்டு வாசல்படியில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டம். ஸ்கோர் ஷீட்டில் பென்சிலால் குறிப்பது எப்படி, பந்து வீசும் பிட்ச்சர் களைத்துவிட்டான் என்பதை எதை வைத்துச் சொல்வது, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். போன நவம்பரில் தவறிவிட்டார்.

அவர் வீட்டம்மா போன வாரம் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். பழைய ஆட்டக்காரர்களின் படங்கள், பதினொன்று. எல்லாவற்றிலும் கையெழுத்து. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறாராம். யாங்கீஸின் பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் படம் ஒன்று பெட்டியில் இருக்கிறது, அதற்கு அவர் கணவர் நிறையப் பணம் கொடுத்தார், நல்ல விலைக்கு விற்றுத் தர முடியுமா என்று கேட்டார்.

படம் 8-க்கு 10 அங்குலம், கறுப்பு வெள்ளை. ரூத் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். முதுகில் 3. ஒரு கையில் தொப்பி, மறு கையில் மட்டையைக் கைத்தடி மாதிரி ஊன்றியிருக்கிறார். எதிரே அடுக்கடுக்காக ஜனம். கீழே கறுப்பு மையில் கையெழுத்து. ஃப்ரேமின் பின்னால் 1990-களில் கொடுத்த ஒரு சான்றிதழ் ஒட்டியிருக்கிறது. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அடுத்து என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

டெட்ராய்ட்அக்கா

தம்பி, பெரியவர் போனது வருத்தமா இருக்கு. வாசல்படில உட்கார்ந்து ரேடியோல ஆட்டம் கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கார் பாருங்க, அது பெரிய கொடுப்பினை.

முதல்ல ஒண்ணு. யார்கிட்டயும் விலை கேக்காதீங்க, எந்த ஏலக்காரருக்கும் போட்டோ அனுப்பாதீங்க. கையைக் கழுவி நல்லா துடைச்சுட்டு ஃப்ரேமை மெதுவா பிரிங்க. படம் கண்ணாடியில ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, அப்படியே விட்டுடுங்க. ஒட்டலைன்னா பின்பக்கத்தைப் பாருங்க. முத்திரை, தேதி, ஒட்டின துண்டுச்சீட்டு, பேப்பர் கம்பெனி பேர், எது இருந்தாலும் எழுதுங்க. யூவி டார்ச் ஒண்ணு வாங்கி இருட்டு அறையில பேப்பர் மேல அடிச்சுப் பாருங்க. நகைக்கடையில வெச்சிருப்பாங்களே கண்ணுல வைக்கற லென்ஸ், அதால கையெழுத்தைப் பாருங்க. சான்றிதழை இப்போதைக்கு மறந்துடுங்க.

கண்ணாடிநெகடிவ்

நீங்கள் சொல்லும் படம் எதுவென்று எனக்குத் தெரிகிறது. டார்ச்சும் லென்ஸும் வருவதற்கு முன்பே அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1948 ஜூன் 13. யாங்கி ஸ்டேடியம் திறந்து 25 ஆண்டு நிறைவு. ரூத்தின் 3-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்த நாள். புற்றுநோயில் உருகிப்போன மனிதர் அன்று பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். ஊன்றிக்கொள்ள ஒரு மட்டை வேண்டியிருந்தது; அது கிளீவ்லண்ட் அணியின் பாப் ஃபெல்லருடைய மட்டை. புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் முகத்துக்கு எதிரே போய் நின்றார்கள். நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் நாட் ஃபைன் பின்னால் போனார். அவருடைய படத்தில் முகமே இல்லை. தொளதொளவென்று தொங்கும் சட்டையும் 3 என்ற எண்ணும் குனிந்த தோளும்தான். 1949-ல் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. நடுவில் 64 நாள். அந்த 64 நாளுக்குள் இந்தப் படம் பிரிண்ட் ஆகி, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த மனிதரின் கைக்குப் போய், அவர் பேனா பிடித்து எழுதியிருக்க வேண்டும். நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படத்தில் ரூத்தின் கையெழுத்து என்று யாராவது காட்டினால் எனக்கு முதலில் வருவது பயம்தான். 1920-களில் எடுத்த படம் ஒன்றில் அவர் கையெழுத்து இருந்தால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். கேட்டவருக்கெல்லாம் போட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

புதுக்கை

நானும் இப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். சான்றிதழ்தான் இருக்கிறதே, அதுவே போதாதா?

மூன்றாம்தளம்

போதாது. அதுவும் 1990-களின் சான்றிதழ் என்றால் கொஞ்சமும் போதாது.

சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி க்வின், தன் அணியின் சொந்தக் கடையிலேயே தன்னுடைய போலிக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர் வைத்து விசாரணையில் இறங்கி, 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை போட்டது. ஒரு கூட்டமே கைவேலையாக இதைச் செய்துகொண்டிருந்தது. ரூத், மேண்டில், டிமாஜியோ என்று யார் பெயர் கேட்டாலும் கிடைக்கும். பழைய பந்துகளைத் தேடி வாங்கி, அதில் கையெழுத்துப் போட்டு, மேலே வார்னிஷ் மாதிரி பூசிப் பழசாக்கி விற்றார்கள். பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. அந்த மாதிரி சரக்கோடுதான் அழகான முத்திரை குத்திய சான்றிதழ்கள் போயின. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதற்குப் பிறகுதான் 2001-ல் பெரிய அணிகளின் அமைப்பான மேஜர் லீக் தன்னுடைய ஹாலோகிராம் ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விதி: கையெழுத்துப் போடும்போது ஆள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததற்கு ஸ்டிக்கர் கிடையாது. ஆனால் ரூத், கெரிக், காப் போன்ற அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அது உதவாது. அங்கே பேப்பரையும் மையையும்தான் கேட்க வேண்டும்.

எடிசன்வாசி

நேற்று ராத்திரி ஃப்ரேமைப் பிரித்தேன். ஒட்டவில்லை, சுலபமாக வந்துவிட்டது.

பின்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. முத்திரை இல்லை, தேதி இல்லை. போட்டோ பேப்பர் கம்பெனியின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. விளக்கை அணைத்து யூவி டார்ச் அடித்தேன். சோப்புத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி அந்த வெளிச்சத்தில் எப்படிப் பளீரென்று நீலமாக ஒளிருமோ, அப்படி ஒளிர்ந்தது. பெட்டியில் இருந்த ஒரு பழைய பத்திரிகைத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது இருட்டிலேயே கிடந்தது.

கையெழுத்தை லென்ஸில் பார்த்தேன். ஒரே தடிமனாகப் போகிறது. இரண்டு இடத்தில் சின்னப் புள்ளிபோல மை தேங்கியிருக்கிறது.

படித்தவுடன் உங்களுக்கே புரியும் என்று நினைக்கிறேன். எனக்கும் புரிந்துவிட்டது. இருந்தாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

கண்ணாடிநெகடிவ்

வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அசல் இல்லை.

நீங்கள் வேட்டி என்று சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளின் வகையைத்தான் போட்டோ பேப்பர் தயாரிப்பவர்களும் 1950-களில் இருந்து பேப்பரில் சேர்க்க ஆரம்பித்தார்கள். ரூத் உயிரோடிருந்த காலத்துப் பேப்பர் யூவியில் அப்படி ஒளிராது. அந்தப் பிளாஸ்டிக் வழவழப்பு இன்னும் பிந்தியது. பேப்பரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசும் வழக்கம் பரவலானது 1970-ஐ ஒட்டித்தான். அதாவது அந்தப் பேப்பர் செய்யப்பட்டபோது ரூத் இறந்து இருபது வருடமாவது ஆகியிருக்கும். கையெழுத்தைப் பார்க்கவே தேவையில்லை.

பார்த்தாலும் அதையேதான் சொல்கிறது. வாழ்நாளில் லட்சக்கணக்கான தடவை தன் பெயரை எழுதியவர் யோசித்து எழுத மாட்டார். கை வீச்சில் போகும், கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, முடியும் இடத்தில் வால் மாதிரி இழுத்துக்கொண்டு காற்றில் எழும். பார்த்து வரைகிறவனுக்கு அந்த வேகம் வராது. நடுவில் நின்று அசலைப் பார்ப்பான், நின்ற இடத்தில் மை தேங்கும். நீங்கள் பார்த்த இரண்டு புள்ளியும் அவன் நின்ற இடங்கள்.

ஒரு படம் எப்போது பிரிண்ட் ஆனது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. அசல் நெகடிவிலிருந்து, எடுத்த சுமார் இரண்டு வருடத்துக்குள் போட்ட பிரிண்ட் 'டைப் 1'. அதே நெகடிவிலிருந்து பிற்காலத்தில் போட்டது 'டைப் 2'. நகல் நெகடிவிலிருந்தோ தந்திவழி வந்த வயர் போட்டோவாகவோ அந்தக் காலத்திலேயே போட்டது 'டைப் 3'. நகலிலிருந்து பிற்காலத்தில் போட்டது 'டைப் 4'. உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் போட்ட பிரிண்ட். படமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. நாட் ஃபைன் கண்ட காட்சி அதிலும் அப்படியேதான் இருக்கிறது.

புதுக்கை

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தம்மாவுக்குப் பணம் தேவைப்படுகிறது. சான்றிதழோடு 'உள்ளது உள்ளபடி' என்று போட்டு விற்றால்? வாங்குகிறவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

டெட்ராய்ட்அக்கா

வேண்டாம்பா. அந்தப் பெரியவர் எப்படி ஏமாந்தாரோ அதே மாதிரி இன்னொருத்தரை ஏமாத்தறது அது. அவருக்கு வித்தவனும் இதையேதான் நினைச்சிருப்பான், வாங்கறவர் பார்த்துக்கட்டும்னு. தெரிஞ்ச பிறகு விக்கக் கூடாது. பின்னாடி அழியாத மையில 'கையெழுத்து அசல் அல்ல'ன்னு எழுதி வெச்சுடுங்க. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க கையில கிடைச்சாலும் சந்தைக்குத் திரும்பப் போகாது.

நீங்க புதுசா ஆரம்பிக்கறதால ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் கடைசியில, நியூயார்க் கிம்பெல்ஸ் கடையில. லூ கெரிக் செத்தது 1941 ஜூன்ல. கெரிக் கையெழுத்து பால்பாயின்ட்ல இருந்தா அங்கேயே வெச்சுட்டு நகர்ந்துடுங்க. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-ல. டை காப் செத்தது 1961. ஷார்ப்பியில காப் கையெழுத்துன்னு ஒருத்தர் கண்காட்சியில என்கிட்டயே நீட்டினார்! காப் பச்சை மை போட்ட பேனாவுல எழுதற ஆளு.

இன்னொண்ணு, படத்தைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. நிஜப் பேனா மை படத்து மேல தனியா மின்னும். படத்துக்குள்ளேயே கையெழுத்து அச்சாகியிருந்தா ரெண்டும் ஒரே பளபளப்புல இருக்கும். ரசிகர்களுக்கு அணிகள் தபால்ல அனுப்பின படங்கள்ல நிறைய அந்த மாதிரி அச்சுக் கையெழுத்துதான். அது மோசடி இல்ல, ஆனா கையெழுத்தும் இல்ல.

மூன்றாம்தளம்

அக்கா மேண்டில் காலத்து உடைமாற்றும் அறைப் பையன்களை விட்டுவிட்டார். பந்தும் படமும் கட்டுக்கட்டாக வரும்போது அங்கே வேலை பார்த்தவர்களே நட்சத்திரங்களின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பேப்பர் சரி, மை சரி, காலம் சரி, கை மட்டும் வேறு. அதுதான் ரொம்பக் கஷ்டம். நானும் அதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து, பழைய ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் கதையையும் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவர் பெயரைப் போட்டுக் கொடுப்பார். ஆனால் 1911-ல் லூசியானா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியாவில் பயிற்சி முகாமின்போது, கிளீவ்லண்ட் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படத்தில் அவர் தன் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறார். எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி எழுதியது போலிருக்கும். அந்த வருடம்தான் அவர் .408 சராசரி அடித்தார். எட்டு வருடம் கழித்து 1919 உலகத் தொடர் (வருடக் கடைசிச் சாம்பியன் போட்டி) சூதாட்டம், அப்புறம் ஆயுள் தடை. அந்தப் படம் 2021 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. 2025 மே மாதம்தான், இறந்துபோனவர்களுக்கு இனி தடை பொருந்தாது என்று சொல்லி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

எனக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. எழுதத் தெரியாத ஒரு மனிதன் தன் படத்தின் மேல் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்த அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

கண்ணாடிநெகடிவ்

அங்கேதான் நானும் நீங்களும் பிரிகிறோம். எனக்குப் படம்தான் பெரிது. சார்ல்ஸ் கான்லன் நியூயார்க் பத்திரிகையில் பிழை திருத்துபவர். ஓய்வு நாளில் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்க் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானத்தில் டை காப் மூன்றாம் தளத்துக்குள் சறுக்கி விழும் படம் அவர் எடுத்ததுதான். புழுதி தெறிக்கிறது, தளத்தைக் காக்கும் ஜிம்மி ஆஸ்டின் நிலை தடுமாறுகிறார், காப் பல்லைக் கடித்திருக்கிறார். அதன் குறுக்கே யாராவது தடிமனாகப் பெயர் எழுதினால் எனக்கு வயிறு எரியும். கையெழுத்தில்லாத நல்ல டைப் 1 பிரிண்ட், பின்னால் பத்திரிகை முத்திரையோடு கிடைத்தால் எனக்கு அது போதும்.

மூன்றாம்தளம்

சரி அண்ணா, அப்படியென்றால் தாம்சன், பிராங்கா படத்துக்கு என்ன சொல்வீர்கள்?

1951 அக்டோபர் 3, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கடைசி இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-2 என்று முன்னால் நிற்கிறது. ரால்ஃப் பிராங்கா போட்ட பந்தை பாபி தாம்சன் ஹோம் ரன் அடிக்க, ஜயண்ட்ஸ் 5-4 என்று ஜெயித்து உலகத் தொடருக்குப் போனது. ஜெயித்தவனின் பெயரும் தோற்றவனின் பெயரும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில். வருடக்கணக்காக இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஜயண்ட்ஸ் அந்த வருடம் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியது என்று 2001-ல் பத்திரிகையில் விவரமாக வெளிவந்த பிறகும் போட்டார்கள். படம் மட்டும் இருந்தால் அது ஒரு ஹோம் ரன். இரண்டு கையெழுத்தும் விழுந்தபின் அது ஐம்பது வருடக் கதை. அதைப் படத்தைக் கெடுப்பது என்று சொல்வீர்களா?

கண்ணாடிநெகடிவ்

அந்த ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

எடிசன்வாசி

மூன்று நாள் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சனிக்கிழமை அந்தம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். டார்ச்சைக் கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டு அவருக்கே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவர் இதைத் தெரிந்துகொள்ளாமலே போனது நல்லதுதான் என்றார். ரூத் படத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா சொன்னபடி பின்னால் எழுதிவிட்டேன்.

மீதிப் பத்தையும் மேஜையில் பரப்பினோம். நான்கு படம் அச்சுக் கையெழுத்து, சாய்த்துப் பார்த்ததுமே தெரிந்தது. ஃபெல்லர், புரூக்ஸ் ராபின்சன், ஃபில் ரிசூட்டோ, இன்னும் இரண்டு. இந்த ஐந்திலும் மை தனியாக மின்னுகிறது, கோடும் வேகமாகப் போகிறது. பத்தாவதுதான் விசேஷம். பந்தைப் பிடிக்கும் கேட்சர் யோகி பெர்ரா, பிட்ச்சர் டான் லார்சன் மேல் பாய்ந்து தொற்றிக்கொள்ளும் படம். நீல மார்க்கரில் இரண்டு பேர் கையெழுத்தும். லார்சன் தன் பெயருக்குக் கீழே 10-8-56 என்று, அமெரிக்க முறையில் அக்டோபர் 8, தேதி போட்டிருக்கிறார்.

அந்தம்மா உள்ளே போய் ஒரு சின்ன ஆல்பம் எடுத்து வந்தார். மாண்ட்க்ளேர் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கும் யோகி பெர்ரா மியூசியத்தில் எடுத்த கலர் படம். மேஜைக்குப் பின்னால் பெர்ரா, கையில் நீல மார்க்கர், எதிரில் இதே படம் பாதிக் கையெழுத்தோடு. பக்கத்தில் நம் பெரியவர், இன்னும் தலை நரைக்காமல், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு. லார்சனிடம் வேறொரு நாள் வாங்கினாராம். அன்றைக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம், முழங்கால் வலியிலும் உட்கார மாட்டேன் என்றார் என்று அந்தம்மா சொன்னார்.

டெட்ராய்ட்அக்கா

தம்பி, அந்தக் கலர் படத்தை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீங்க! எந்தச் சான்றிதழும் அதுக்கு ஈடாகாது. பெர்ரா கையெழுத்து ஏராளமா இருக்கு, விலை பெருசா வராது, அதையும் அந்தம்மாகிட்ட நேராச் சொல்லிடுங்க.

மூன்றாம்தளம்

அந்த 1956 ஆட்டம் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். லார்சன் போட்ட பந்தை அடிக்க 27 பேர் வந்தார்கள், 27 பேரும் தளம் தொடாமல் திரும்பினார்கள். அதற்குப் பெயர்தான் பெர்ஃபெக்ட் கேம். 1999 ஜூலை 18 அன்று பெர்ராவைக் கௌரவிக்க யாங்கி ஸ்டேடியத்தில் விழா எடுத்தபோது லார்சன் முதல் பந்தைப் போட பெர்ரா பிடித்தார். அன்றைக்கு அதே மைதானத்தில் யாங்கீஸ் பிட்ச்சர் டேவிட் கோனும் ஒரு பெர்ஃபெக்ட் கேம் போட்டார். பெரியவர் அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டாரா என்று அந்தம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

எடிசன்வாசி

கேட்டேன். வாசல்படியில்தான் உட்கார்ந்து கேட்டாராம். ஸ்கோர் ஷீட்டும் இருக்கிறது, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் சொருகியிருந்தது. பென்சில் குறிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

ஃபெல்லர், ராபின்சன் உட்பட ஐந்தையும் விற்கச் சொல்லிவிட்டார். முதலில் கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் நிறுவனங்களான பிஎஸ்ஏ-க்கோ ஜேஎஸ்ஏ-க்கோ அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெர்ரா படத்தை விற்கப்போவதில்லை, மகள் வீட்டில் அவர் அறையில் மாட்ட வேண்டுமாம். அங்கே ஜன்னல் பெரியது, வெயில் நேராக விழும். எப்படி மாட்டுவது?

டெட்ராய்ட்அக்கா

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டவே வேண்டாம். நீல மார்க்கர் வெயில்ல சில வருஷத்துலயே வெளுத்துக் காணாமப் போயிடும். ஜன்னல் இருக்கற சுவர்லயே, வெளிச்சம் நேராப் படாத ஓரமா மாட்டச் சொல்லுங்க. யூவி தடுக்கற கண்ணாடி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அமிலமில்லாத அட்டை. அந்தக் கலர் படத்தையும் ஸ்கோர் ஷீட்டையும் பாலியெஸ்டர் உறையில போட்டு ஃப்ரேமுக்குப் பின்னாடியே வைங்க. பிவிசி உறை வேண்டாம், ஒட்டிக்கும்.

எடிசன்வாசி

சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.